இடிச்ச பிறகும் டேப்பர்ல 3 மைக்ரான்தான். ஸ்பிண்டில் தப்பிச்சிடுச்சா?

காக்கி புக்கிட் ஆப்பரேட்டர் | மார்ச் 6, இரவு 9:40

வெர்டிகல் மெஷினிங் சென்டர் (செங்குத்தா வெட்டுற கம்ப்யூட்டர் மில்லிங் மெஷின்), பி.டி.40 டேப்பர், பெல்ட் டிரைவ், அதிகபட்சம் 10,000 ஆர்.பி.எம். எச் ஆஃப்செட் (டூல் நீளத்துக்கான எண்) மாறியிருந்ததுல 50 மி.மீ. ஃபேஸ் மில் கட்டர் ரேப்பிட்ல, அதாவது முழு வேகத்துல, நேரா இறங்கி வைஸோட ஃபிக்ஸட் ஜா மேல உட்கார்ந்திடுச்சு. ஸ்பிண்டில் (கட்டரைச் சுத்துற தண்டு) 2,000-ல சுத்திட்டு இருந்தது. இசட் (மேலே கீழே போற அச்சு) சர்வோ அலாரம் அடிச்சு நின்னுச்சு. இன்சர்ட் எல்லாம் தூள், ஜா மேல அரை வட்டத் தழும்பு.

ஹோல்டரைக் கழட்டிட்டு லீவர் டயலை (மைக்ரான் காட்டுற முள் கருவி) டேப்பருக்குள்ள (ஹோல்டர் உட்கார்ற கூம்புக் குழி) வெச்சு கையால சுத்திப் பார்த்தேன். 3 மைக்ரான். இடிக்கிறதுக்கு முன்னாடியும் அதேதான். 2,000-ல ஓட்டினா சத்தமும் இல்ல. பாஸ் திங்கக்கிழமை வேலை ஏத்தணும்ங்கிறார். ஸ்பிண்டில் நல்லா இருக்குன்னு சொல்லிடலாம்தானே?

உட்லண்ட்ஸ் ஸ்பிண்டில் | மார்ச் 6, இரவு 10:15

சொல்லிடாதீங்க தம்பி. அந்த 3 மைக்ரான், டேப்பர் பழைய மையத்திலேயே சுத்துதுன்னு மட்டும்தான் சொல்லுது. பேரிங்கைப் பத்தி அதுல ஒரு சேதியும் இல்ல.

நீங்க சொல்றது நேரா மேல்நோக்கி வந்த அடி. முன்பக்க, அதாவது கீழ்ப்பக்க, ஆங்குலர் கான்டாக்ட் பேரிங்ல (சாய்வா சுமை தாங்குற பந்து பேரிங்) எல்லாப் பந்தும் ஒரே நேரத்துல ரேஸின் (பந்து ஓடுற வளையம்) ஒரு பக்கத் தோளில் அமுங்கும். குழி விழுந்தா ஒவ்வொரு பந்துக்கும் ஒரு குழி, சுத்தி முழுக்க சம இடைவெளியில, ஏறக்குறைய சம ஆழத்தில. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி குழிஞ்சா தண்டு மையம் விலகாது, டயல் முள்ளும் அசையாது. பக்கவாட்டில் இடிச்சாத்தான் ரன்-அவுட் (சுத்தும்போது மையம் விலகுற அளவு) உடனே காட்டும். அங்கே ஒரு பக்கம் மட்டும் குழியும், இல்ல தண்டே வளையும்.

குழி எவ்வளவு சின்னதுன்னும் தெரிஞ்சுக்கங்க. பேரிங் கேட்டலாக்ல இருக்கிற ஸ்டாட்டிக் லோட் ரேட்டிங் (சுத்தாம நிக்கும்போது தாங்குற சுமை), நிரந்தரக் குழிவு பந்து விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும் போகலாம்ங்கிற கணக்குல வெச்சது. 12 மி.மீ. பந்துக்கு அது 1.2 மைக்ரான். சாதாரண கன்வேயர் பேரிங் அதைத் தாங்கிட்டு வருஷக்கணக்கா ஓடும். 10,000-ல சுத்துற ஸ்பிண்டில் தாங்காது. சத்தம், சூடு, ஃபினிஷ்ல வரி வரியா அலைன்னு ஒண்ணொண்ணா வரும். 2,000-ல சத்தம் வராததை நம்பி எந்த முடிவுக்கும் வராதீங்க.

உட்லண்ட்ஸ் ஸ்பிண்டில் | மார்ச் 6, இரவு 10:31

ரொம்ப முக்கியமானதை விட்டுட்டேன். தயவுசெஞ்சு இன்னும் டூல் சேஞ்ச் போடாதீங்க.

2,000-ல சுத்திட்டு இருந்த கட்டர் ஜால மாட்டி நின்னிருக்கு. மோட்டார் தள்ள, ஸ்பிண்டில் நிக்க, நடுவுல பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கலாம். புல்லியில 40 பல்னா ஒரு பல்லுக்கு 9 டிகிரி. அப்படி ஆகியிருந்தா எம்19 (ஸ்பிண்டிலைக் குறிப்பிட்ட கோணத்துல நிறுத்துற கட்டளை, ஓரியன்டேஷன்) கொடுத்ததும் ஸ்பிண்டில் 9 டிகிரி திரும்பின இடத்துல நிக்கும். டூல் மாத்துற ஆர்ம் வந்து ஹோல்டரை மாட்டும்போது ஸ்பிண்டில் மூக்கில் (கீழ்முனை) இருக்கிற ரெண்டு கீயும் (ஹோல்டரைச் சேர்த்துச் சுத்த வைக்கிற சின்னக் கட்டை) ஹோல்டர் காடியும் நேரா வராது. முதல் இடியில பிழைச்ச மெஷின் ரெண்டாவது இடியில ஆர்மையும் சேர்த்து இழந்துடும்.

எம்19 போட்டு, லீவர் டயலை ஒரு கீயின் பக்கத்துல தொட வெச்சு, எக்ஸை மெதுவா நகர்த்தி ரெண்டு கீயும் ஒரே கோட்டில் இருக்கான்னு பாருங்க. ஃபானக் கன்ட்ரோல்னா பாராமீட்டர் 4077-ல ஓரியன்டேஷன் கோணத்தை மாத்த முடியும். காரணம் தெரியாம அதைத் தொடாதீங்க. பெல்ட் தாண்டினதை நம்பரை மாத்தி மறைச்சா, அடுத்து பெல்ட் கழட்டுறவர் மாட்டிக்குவார்.

துவாஸ் மெயின்டனன்ஸ் | மார்ச் 7, காலை 7:05

மேலே சொன்ன 9 டிகிரி எல்லா மெஷினுக்கும் வராது. பொசிஷன் சென்சார் ஸ்பிண்டில் மேலேயே இருந்தா பெல்ட் தாண்டினாலும் ஓரியன்டேஷன் மாறாது. மோட்டார் பின்னாடி இருக்கிற சென்சாரை வெச்சு ஓரியன்டேஷன் எடுக்கிற மெஷினுக்குத்தான் அந்தப் பயம். பின்பக்க மூடியைக் கழட்டினா எங்க இருக்குன்னு தெரிஞ்சிடும். ரெண்டு வகையிலும் பெல்ட் பல் கிழிஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு. இசட் மோட்டார் பிரேக். இடி விழுந்த மெஷின்ல பவரை ஆஃப் பண்ணிட்டு ஹெட்டுக்குக் கீழே கையை விடுறதுக்கு முன்னாடி, டேபிளுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல கனமான மரக்கட்டை வைங்க. ஹெட்ல டயல் வெச்சு எமர்ஜென்சி ஸ்டாப் அமுக்குங்க. முள் 0.02, 0.03 மி.மீ. ஆடி நின்னா சரி. கீழே ஊர்ந்துகிட்டே இருந்தா பிரேக் போச்சு, மத்த எல்லாத்துக்கும் முன்னாடி அதைப் பாருங்க. மெயின் ஐசொலேட்டர்ல பூட்டுப் போட்டு டேக் மாட்டின பிறகுதான் கை உள்ளே போகணும்.

காக்கி புக்கிட் ஆப்பரேட்டர் | மார்ச் 7, மதியம் 1:20

பிரேக் நல்லா இருக்கு, முள் 0.02 ஆடி நின்னுச்சு. ஓரியன்டேஷன் மாறல. பெல்ட் பல் முழுசா இருக்கு. ஆனா ஒரு கீயோட விளிம்பு நசுங்கியிருக்கு, அதோட போல்ட் கால் திருப்பு லூசு. புல் ஸ்டட் (ஹோல்டர் தலையில இருக்கிற இழுப்பு ஆணி) பார்க்க நல்லா இருக்கு. அதையே வேற ஹோல்டருக்கு மாத்திக்கலாமா அண்ணே?

உட்லண்ட்ஸ் ஸ்பிண்டில் | மார்ச் 7, மதியம் 1:34

கூடாது. அந்த புல் ஸ்டட், அந்த ஹோல்டர் ரெண்டையும் தூக்கிப் போடுங்க. எம்16 மரை முடியுற கழுத்துல முடி அளவு விரிசல் இருந்தா கண்ணுக்குத் தெரியாது. 40 டேப்பர்ல டிரா பார் (ஹோல்டரை உள்ளே இழுத்துப் பிடிக்கிற தண்டு) சாதாரணமா 8, 10 கிலோ நியூட்டன் இழுப்புல ஸ்டட்டைப் பிடிச்சிருக்கும். ஏறக்குறைய ஒரு டன் எடையைத் தொங்க விட்ட மாதிரி. 10,000-ல அது அறுந்தா ஹோல்டர் கதவைத் துளைச்சுட்டு வெளிய வரும். ஸ்டட் விலையைப் பார்க்கிற இடம் இது இல்ல. "கிராஷ்"னு மார்க்கர்ல எழுதிட்டு, யாரும் எடுத்து மாட்ட முடியாதபடி அறுத்துப் போடுங்க.

கீயை மாத்துங்க. மாத்தும்போது கீ உட்கார்ற குழியின் ஓரத்துல உலோகம் மேல எழும்பியிருக்கான்னு நகத்தால தடவிப் பாருங்க. எழும்பியிருந்தா நைஸ் ஆயில் ஸ்டோன்ல அந்தப் புடைப்பை மட்டும் எடுங்க. சாதாரண பி.டி. ஹோல்டர்ல ஃபிளாஞ்சுக்கும் ஸ்பிண்டில் முகத்துக்கும் இடைவெளி இருக்கும், சின்னப் புடைப்பு தொந்தரவு பண்ணாது. டேப்பரும் முகமும் சேர்ந்து உட்கார்ற வகைன்னா ஒரு மைக்ரான் புடைப்புகூட ஹோல்டரைச் சாய்ச்சிடும்.

டேப்பருக்குள்ள எமரி பேப்பர் போடவே போடாதீங்க. கையில சுத்தித் தேய்ச்சா டேப்பர் வட்டமும் போகும், கோணமும் போகும். உள்ளே கீறல் மேடு இருந்தா அந்த மேட்டை மட்டும் ஸ்டோன்ல தொட்டு எடுங்க. பள்ளத்தை அப்படியே விடுங்க. பள்ளம் கெடுதல் பண்ணாது.

உட்லண்ட்ஸ் ஸ்பிண்டில் | மார்ச் 7, மாலை 6:50

புளூ (நீல மை தடவி டேப்பர் எங்க ஒட்டுதுன்னு) பார்க்கிற விதம். டெஸ்ட் பார் (அளவு பார்க்கிற நேரான தண்டு) டேப்பர்ல புளூவை விரலால நீள வாக்குல மூணு கோடு, அடியில இருக்கிற உலோகம் லேசாத் தெரியுற அளவு மெல்லிசா. கையாலயே உள்ளே ஏத்தி, ரெண்டு மூணு டிகிரி முறுக்கி, நேரா கீழே எடுங்க. அகலமான வாய்ப் பக்கம் கனமாவும், மேலே போகப் போக மெலிஞ்சும், மொத்தத்துல 80 சதவீதத்துக்கு மேல ஒட்டியிருந்தா நல்லது. மேல்முனையில மட்டும் ஒட்டி வாயில ஒட்டலைன்னா வாய் அகண்டிருக்கு. பக்கவாட்டு இடியில அப்படி ஆகும்.

இங்க ஒரு விஷயத்துல ஏமாறாதீங்க. சைனீஸ் நியூ இயர் லீவுக்கு ஹோல்டரை ஸ்பிண்டில்லயே விட்டுட்டுப் போற கடைகள் உண்டு. ஏர்கான் இல்லாத ஃபேக்டரியில அந்த ஈரத்துக்கு டேப்பர்ல பழுப்பு வளையம் விழும். புளூல அது தனி வளையமா ஒட்டும். இடியில வந்த சேதம்னு தப்பா எடுத்துக்காதீங்க. துரு வளையம் முழு வட்டமா இருக்கும். இடித் தழும்பு ஒரு பக்கமா, பளிச்சுன்னு இருக்கும்.

காக்கி புக்கிட் ஆப்பரேட்டர் | மார்ச் 8, காலை 11:02

புளூ நல்லா ஒட்டுது, வாய்ப்பக்கம் கனமா. 300 மி.மீ. டெஸ்ட் பார் கியூ.சி. ரூம்ல இருக்கு, சிங்லாஸ் (சிங்கப்பூர் ஆய்வக அங்கீகாரம்) லேப் சர்டிஃபிகேட்டோட. கேட்டு வாங்கிட்டேன். எடுத்துட்டு வந்து உடனே மாட்டலாமா?

துவாஸ் மெயின்டனன்ஸ் | மார்ச் 8, காலை 11:09

மாட்டாதீங்க! கியூ.சி. ரூம் 20 டிகிரி. வெளியே காத்தோட பனிநிலை (காத்து ஈரம் நீரா படியுற சூட்டளவு) இங்க சிங்கப்பூர்ல சாதாரணமாவே 24, 25 டிகிரி. பாரை வெளியே கொண்டு வந்ததும் ஐஸ் மைலோ டம்ளர் மாதிரி வேர்க்கும். அந்த ஈரத்தோட டேப்பர்ல ஏத்தினா அளவும் தப்பும், ரெண்டுலயும் துரு பிடிக்கும். பெட்டியை மூடினபடியே மெஷின் பக்கத்துல ரெண்டு மணி நேரம் வைங்க. திறந்து, துடைச்சு, வெறும் கை படாம ஏத்துங்க.

உட்லண்ட்ஸ் ஸ்பிண்டில் | மார்ச் 8, மதியம் 12:40

பாரை மாட்டி ஸ்பிண்டில் மூக்குக்குப் பக்கத்துல ஒரு அளவு, 300 மி.மீ. கீழே ஒரு அளவு டயல்ல எடுங்க. கையால மெதுவா சுத்துங்க. அதிகமா காட்டுற இடத்துக்கு நேரா பார்லயும் ஸ்பிண்டில்லயும் மார்க்கர் கோடு போடுங்க. பிறகு பாரைக் கழட்டி 180 டிகிரி திருப்பி மாட்டி மறுபடி எடுங்க. மேடு பாரோட கோட்டுக்கூடவே போனா குத்தம் பார் மேல. ஸ்பிண்டில் கோட்டிலேயே நின்னா ஸ்பிண்டில் மேல. 90 டிகிரி வெச்சு நாலு நிலையில எடுக்கிறதுதான் முறை, ஆனா உங்க பார்ல கீ காடி இருந்தா ரெண்டு நிலைதான் கிடைக்கும். அதுக்காக ஸ்பிண்டில் கீயைக் கழட்ட வேண்டாம், ரெண்டு நிலை போதும்.

மூக்குல 5 மைக்ரானுக்குள்ள, 300-ல 15 மைக்ரானுக்குள்ள இருந்தா பெரும்பாலான மெஷினுக்கு ஏத்துக்கலாம். மெஷினோட வந்த அக்யூரசி ஷீட் இருந்தா அதுல இருக்கிற அளவுதான் உங்களுக்குச் சட்டம். மூக்குல 3, 300-ல 30, மேடு ஸ்பிண்டில்லயே நிக்குதுன்னா தண்டு வளைஞ்சிருக்கு, இல்ல டேப்பர் சாய்ஞ்சிருக்கு. அதை பேரிங் மாத்தி சரி பண்ண முடியாது.

அதே பார்லயே ஆட்டமும் பாருங்க. டயல் ஸ்டாண்டை டேபிள்ல வைக்காதீங்க, ஹெட் காஸ்டிங்ல வைங்க. டேபிள்ல வெச்சா இசட் ஸ்க்ரூவோட வளைவும் சேர்ந்து வரும். பாரின் மேல்பகுதியை, மூக்குக்குக் கிட்ட, ஸ்பிரிங் தராசு மாட்டி 20, 30 கிலோ இழுங்க. பிரீலோட் (ஆட்டம் இல்லாம இருக்க முன்கூட்டியே கொடுத்த இறுக்கம்) இருக்கிற பேரிங் ஓரிரு மைக்ரான் வளைஞ்சு, விட்டதும் சுழியத்துக்கு வரும். லேசா கை வெச்சதுமே முள் குதிச்சு, விட்ட பிறகும் வேற இடத்துல நின்னா பிரீலோட் போயிடுச்சு.

பெல்ட்டைக் கழட்டி கையால சுத்தியும் பாருங்க. சொர சொரன்னு பல் பல்லா தட்டினா அது உறுதியான சேதம். தட்டலைன்னா அதை வெச்சு நல்லதுன்னு சொல்லிட முடியாது; ஒரு மைக்ரான் குழியைக் கிரீஸ் மறைச்சிடும்.

காக்கி புக்கிட் ஆப்பரேட்டர் | மார்ச் 8, மாலை 5:15

மூக்கு 3, 300-ல 9. திருப்பி மாட்டினா 3, 8. இழுத்தா 2 மைக்ரான் போய் சுழியத்துக்கு வருது. கையில வழவழன்னுதான் இருக்கு. இப்பவாவது நல்லதுன்னு சொல்லலாமா?

உட்லண்ட்ஸ் ஸ்பிண்டில் | மார்ச் 8, மாலை 5:58

தண்டு, டேப்பர், பிரீலோட் மூணும் நல்லா இருக்கு. இது பெரிய விஷயம், சந்தோஷப்படுங்க. ரேஸ் மட்டும் இன்னும் சோதிக்கப்படல. ஓட்டினாத்தான் தெரியும்.

500, 1,000, 2,000, 4,000, 6,000, 8,000. ஒவ்வொண்ணுலயும் 20 நிமிஷம். புது புல் ஸ்டட் போட்ட, பேலன்ஸ் ஆன சின்ன ஹோல்டர் ஒண்ணு மாட்டி ஓட்டுங்க. காலியா ஓட்டினா டிரா பார் வேற நிலையில இருக்கும். முன்பக்க ஹவுசிங்ல தொடு தெர்மாமீட்டர் ஒட்டுங்க. இன்ஃப்ராரெட் துப்பாக்கிதான் இருக்குன்னா பளபளக்கிற இடத்துல அடிக்காதீங்க, குறைச்சுக் காட்டும். கறுப்பு டேப் ஒட்டி அது மேல அடிங்க.

பார்க்க வேண்டியது எத்தனை டிகிரிங்கிறதை விட, ஏறி நிக்குதா இல்ல ஏறிகிட்டே இருக்கான்னுதான். கடை சூட்டை விட 15, 20 டிகிரி ஏறி அங்கேயே நின்னா சரி. நிக்காம 55 தாண்டினா நிறுத்திடுங்க. அதே மாடல் இன்னொரு மெஷின் இருந்தா அதையும் இதே மாதிரி ஓட்டி, லோடு மீட்டர் சதவீதத்தையும் பக்கத்துல எழுதுங்க. ஆஃப் பண்ணி எவ்வளவு நேரம் சுத்தி நிக்குதுன்னு பார்க்கிற பழைய முறை சர்வோ ஸ்பிண்டிலுக்கு ஆகாது. டிரைவே பிரேக் போட்டு நிறுத்திடும்.

துவாஸ் மெயின்டனன்ஸ் | மார்ச் 8, இரவு 8:20

வைப்ரேஷன் மீட்டர் கிடைச்சா ஸ்பெக்ட்ரமும் (எந்த ஹெர்ட்ஸ்ல எவ்வளவு அதிர்வுங்கிற படம்) எடுங்க. பந்து எண்ணிக்கை × வினாடிக்குச் சுற்று × 0.4 போட்டா வெளி ரேஸ் சேதம் காட்டுற ஹெர்ட்ஸ், 0.6 போட்டா உள் ரேஸ். 20 பந்து, 6,000 ஆர்.பி.எம்.னா 100 ஹெர்ட்ஸ். 800-லயும் 1,200-லயும் உச்சி வருதான்னு பாருங்க.

உட்லண்ட்ஸ் ஸ்பிண்டில் | மார்ச் 8, இரவு 8:47

0.4, 0.6 பம்பு, மோட்டார் பேரிங்குக்குப் பொருந்தும். ஸ்பிண்டில் பேரிங்ல பந்து சின்னது, எண்ணிக்கை அதிகம். 70 மி.மீ. உள்விட்டம், 15 டிகிரி பேரிங்குக்குக் கணக்குப் போட்டா 0.44, 0.56-க்குக் கிட்ட வரும். 800-ல தேடினா ஒண்ணும் கிடைக்காது, உச்சி 880 பக்கத்துல நிக்கும். பேரிங் நம்பர் தெரிஞ்சா தயாரிப்பாளரோட கால்குலேட்டர்ல சரியான எண்ணையே எடுத்துடலாம்.

6,000-லயும் எடுக்காதீங்க. இங்க மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கூலன்ட் பம்பும் ஹைட்ராலிக் மோட்டாரும் 100 ஹெர்ட்ஸ்ல முனகும். ஸ்பிண்டில் சுற்றும் அதே 100-ல விழுந்தா எது எதோடதுன்னு பிரிக்க முடியாது. 5,700 வைங்க, 95 ஹெர்ட்ஸ். அப்ப வெளி ரேஸ் 836, உள் ரேஸ் 1,064. பம்பு, சிப் கன்வேயர் எல்லாத்தையும் நிறுத்திட்டு எடுங்க.

காக்கி புக்கிட் ஆப்பரேட்டர் | மார்ச் 9, இரவு 7:30

கடை 31 டிகிரி. 2,000-ல 34. 4,000-ல 40, 3,500 தாண்டினதும் அடித்தொண்டையில உறுமல். 6,000-ல 20 நிமிஷத்துல 49, அரை மணியில 54, இன்னும் ஏறிட்டு இருந்தது, நிறுத்திட்டேன். பக்கத்து மெஷின் 6,000-ல 42-ல நின்னுடுச்சு. லோடு இதுல 9 சதவீதம், அதுல 5.

5,700-ல ஸ்பெக்ட்ரம் எடுத்தோம். 1,066-ல உச்சி, அதுக்கு ரெண்டு பக்கமும் 95, 95 தள்ளி சின்னச் சின்ன உச்சிகள். டயல் இப்பவும் 3 மைக்ரான்தான் காட்டுது.

உட்லண்ட்ஸ் ஸ்பிண்டில் | மார்ச் 9, இரவு 7:52

உள் ரேஸ். 95 தள்ளி வர்ற உச்சிகள் உள் ரேஸ் சேதத்தோட அடையாளம். ரேஸ் தண்டோட சேர்ந்து சுத்துறதால ஒவ்வொரு சுற்றுக்கும் சத்தம் கூடிக் குறையும்.

இப்படியே வேலை ஏத்தினா கொஞ்ச நாள் ஓடும். சூட்டுல கிரீஸ் கருகி, பந்துகளைப் பிரிச்சு வைக்கிற கூடு உடைஞ்சு பேரிங் இறுகிட்டா தண்டோட பேரிங் இருக்கையும் தேயும். இப்ப தண்டு நல்லா இருக்கு, பேரிங் செட்டோட போகும். அப்புறம்னா முழு ஸ்பிண்டில். பாஸ் கிட்ட இந்த ரெண்டு மெஷின் எண்களையும் ஒரே தாள்ல எழுதிக் காட்டுங்க. அவர் கேட்கிறது திங்கக்கிழமை வேலை; அந்த வேலையைப் பக்கத்து மெஷினுக்கு மாத்த முடியுமான்னு பேசுங்க.

கழட்டினா முன்பக்க செட் முழுசா மாத்தணும். ஜோடி சேர்த்து கிரைண்ட் பண்ணின பேரிங்ல ஒண்ணை மட்டும் மாத்தினா பிரீலோட் தப்பும். கிரீஸ், பேரிங்குள்ள இருக்கிற வெற்றிடத்துல சுமார் 15 சதவீதம். நிறைய வெச்சா நல்லதுன்னு நினைச்சு நிரப்பினா அதுவே சூடு கிளப்பும். டிரா பாரை இழுக்கிற டிஸ்க் ஸ்பிரிங் உடைஞ்சிருக்கான்னு டிரா பார் ஃபோர்ஸ் கேஜ்ல இழுப்பை அளக்கச் சொல்லுங்க. ஏர்கான் போட்ட சுத்தமான ரூம் இல்லாத இடத்துல கழட்ட விடாதீங்க.

துவாஸ் மெயின்டனன்ஸ் | மார்ச் 9, இரவு 9:10

ஸ்பிண்டில் போற நேரத்துல இசட்டையும் பாருங்க. அதே அடி பால் ஸ்க்ரூ நட், சப்போர்ட் பேரிங், கப்ளிங் வழியாத்தான் மோட்டாருக்குப் போயிருக்கு. ஹெட்ல டயல் வெச்சு 0.01, 0.01-ஆ மேலே அஞ்சு, கீழே அஞ்சு படி நகர்த்துங்க. திரும்புற முதல் படியில முள் நகரலைன்னா பேக்லாஷ். கப்ளிங் வழுக்கியிருந்தா இசட் ஹோம் மொத்தமா மாறியிருக்கும், எல்லா டூல் நீளமும் ஒரே அளவு தப்பும், ஆர்ம் உயரமும் தப்பும். பழைய ஆஃப்செட் இருக்கிற நல்ல டூல் ஒண்ணை கேஜ் பிளாக் மேல இறக்கினா தெரிஞ்சிடும்.

டரட் மில்லிங் வெச்சிருக்கிறவங்க இதைப் படிச்சா: அதுல ஹெட் போல்ட் பிடியில சுத்திக் கொடுத்து அடியை வாங்கிக்கும். முதல்ல டிராம் (ஹெட் டேபிளுக்கு நேர் செங்குத்தா இருக்கா) பாருங்க, ஆர்8 ஸ்பிண்டில்ல உள்ளே இருக்கிற சின்ன கீ பின் அறுந்திருக்கான்னு பாருங்க. பாதி கேஸ் அதோட முடிஞ்சிடும்.

காக்கி புக்கிட் ஆப்பரேட்டர் | மார்ச் 20, மாலை 4:45

ஸ்பிண்டில் கழட்டின இடத்துல கீழ் பேரிங் உள் ரேஸை விளக்கு வெளிச்சத்துல சாய்ச்சுக் காட்டினாங்க. ஓடுபாதையின் ஒரு ஓரமா, அரிசி மணியை விடச் சின்னதா மங்கலான நீள்வட்டப் புள்ளிகள், சுத்தி முழுக்க ஒரே இடைவெளியில. நகத்துல தட்டல, வெளிச்சத்துலதான் தெரிஞ்சது. இசட் பேக்லாஷ் 0.003, கப்ளிங் வழுக்கல.

புது பேரிங் போட்டு வந்து மாட்டியாச்சு. போல்ட் குறுக்கு மறுக்கா டார்க் வெச்சேன். டேபிள் மேல 300 மி.மீ. வட்டத்துல டயல் சுத்தினா 0.015. மூக்கு 2, 300-ல 6. 6,000-ல கடை சூடு 30, ஹவுசிங் 43-ல நின்னுடுச்சு. லோடு 5 சதவீதம். அன்கிளாம்ப் அமுக்கினா ஹோல்டர் 0.2 மட்டும் கீழே தள்ளுது. டூல் சேஞ்ச் போடலாமா?

உட்லண்ட்ஸ் ஸ்பிண்டில் | மார்ச் 20, மாலை 5:03

இன்னும் போடாதீங்க. மெஷின் மேனுவல்ல தள்ளும் அளவு இருக்கும். 40 டேப்பர்ல பெரும்பாலும் 0.5-ஐ ஒட்டித்தான் கேட்பாங்க. 0.2 போதலைன்னா ஹோல்டர் டேப்பர்ல பாதி ஒட்டிகிட்டு, ஆர்ம் இழுக்கும்போது முரண்டு பிடிக்கும். அன்கிளாம்ப் சிலிண்டர் ஸ்க்ரூவை மேனுவல் அளவுக்கு அட்ஜஸ்ட் பண்ணுங்க. கிளாம்ப், அன்கிளாம்ப் சென்சார் ரெண்டும் அந்தப் புது நிலையில சரியா மாறுதான்னு பாருங்க. மூக்குல பர்ஜ் ஏர் (தூசி உள்ளே போகாம ஊதுற காத்து) வருதான்னும் கை வெச்சுப் பாருங்க, ஹோஸை மாட்ட மறந்து வர்றது உண்டு.

அதுக்கப்புறம் மெயின்டனன்ஸ் மோடுல ஆர்மைப் படிப்படியா ஒரு முழுச் சுற்று சுத்தி, கீ காடியில உரசாம போறதைக் கண்ணால பார்த்துட்டு ஆட்டோல போடுங்க.